தேசிங்கு வாங்கிக்கொண்ட காய்ச்சல்

மீனுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் முதலில் பதறக் கூடாது ஐயா. தண்ணீரில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். பாதி நோய் தண்ணீரில்தான் இருக்கும். சில்லென்று இருந்தால் ஜாடியைத் தூக்கி வெதுவெதுப்பான வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, மெல்ல மெல்லச் சூடு ஏற விட வேண்டும். அவசரப்பட்டுச் சுடுதண்ணீரை நேராக ஊற்றினால் குழம்பு வைத்த கதையாகிவிடும். பிறகு கொஞ்சம் கல்லுப்பு. பிறகு பழுத்து உதிர்ந்த பாதாம் இலை ஒன்று. அதன் சாறு இறங்கித் தண்ணீர் டீ நிறத்துக்கு வரும். ஜாடிக்கு மேல் ஒரு துணியைப் போர்த்தி, தீனி எதுவும் போடாமல், சும்மா விட்டுவிட வேண்டும். மனுஷனுக்கு நோய் வந்தால்தான் பக்கத்தில் ஆள் வேண்டும். மீனைத் தனியாக விட்டாலே பாதி தேறிவிடும்.

நீங்கள் ரங்கநாதனைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள், தெரியும். ஆனால் உள்ளே நுழைந்ததும் ஜாடியைத்தான் பார்த்தீர்கள். எல்லோரும் அப்படித்தான். அதனால் மீனிலிருந்தே தொடங்கினேன். எழுதுகிற ஏட்டய்யாவைக் கொஞ்சம் நிதானமாக எழுதச் சொல்லுங்கள். நான் எதையும் விட்டுவிடப் போவதில்லை, அவரும் விட்டுவிடக் கூடாது.

என் பெயர் விநாயகம். செஞ்சிக் கடைத்தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். வெளிச்சம் எங்கே விழ வேண்டும், முகத்தில் எந்தப் பக்கம் நிழல் நிற்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குக் கைவந்த விஷயம். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போய்ப் பிள்ளைக்கு மொட்டை போட்டுவிட்டுத் திரும்புகிற குடும்பங்கள் பஸ் மாறுகிற நேரத்தில் நம் கடைக்குத்தான் வருவார்கள். கோட்டை ஊர் என்று பேர், ஆனால் கோட்டை வரைந்த படுதா யாருக்கும் வேண்டாம். தலைக்கு மேலே ராஜகிரிக் கோட்டையே நிற்கும்போது அதைப் படத்தில் வேறு பார்ப்பார்களா? எல்லோருக்கும் மதராஸ் எல்.ஐ.சி. கட்டடம் வரைந்த படுதாதான் வேண்டும். அதற்கு முன்னால் சந்தனத் தலையோடு பிள்ளையை உட்கார வைப்பார்கள்.

அங்கேதான் எனக்குக் கஷ்டம். குழந்தைகள் என்னைக் கண்டால் அழும். நான் அடிக்கிறவன் இல்லை, அதட்டுகிறவனும் இல்லை. கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு வெளியே எடுத்தால் போதும், கடைத்தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி வீறிடும். துணிதான் காரணம் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். கல்யாண வீட்டில் வெறுமனே பக்கத்தில் போய் உட்கார்ந்தபோதும் அழுதன. நான் பெற்ற பிள்ளைகளே என்னிடம் ஒட்டவில்லை. ஒருவன் நெய்வேலியில் இருக்கிறான், இன்னொருவன் பம்பாயில். இரண்டு பேரும் அம்மாவுக்குத்தான் கடிதாசு போடுவார்கள். "உன் மூஞ்சி அப்படி" என்பாள் என் மனைவி செல்லம்மாள். விளையாட்டாகத்தான் சொல்வாள். நானும் சிரித்து வைப்பேன்.

ரங்கநாதன் திண்டிவனத்துக்காரன். மதராஸில் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாக இருந்தவன். பெண்டாட்டி மங்கைக்குச் சொந்த ஊர் செஞ்சி என்பதால் இங்கே வந்து சேர்ந்தான். வேலை கொடுத்தது நான். வந்த அன்று ஒரு கையில் ட்ரங்குப் பெட்டி, இன்னொரு கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். பாட்டிலுக்குள் இந்த மீன். மூர் மார்க்கெட்டில் வாங்கியதாம். ஃபைட்டர் மீன் என்றான். இரண்டு ஆண் மீனை ஒரே தண்ணீரில் விட்டால் ஒன்று செத்தால்தான் மற்றது ஓயுமாம். கண்ணாடியைக் காட்டினால் தன்னையே எதிரி என்று நினைத்துக்கொண்டு, செவுளை விரித்து, வாலை விசிறியாகப் பரப்பி, நின்ற இடத்தில் துடிக்கும். நல்ல மயில்கழுத்து நீலம், ஓரத்தில் சிவப்பு. கடைத்தெருக்காரர்கள் பார்த்துவிட்டுத் தேசிங்கு என்று பேர் வைத்துவிட்டார்கள். இந்த ஊரில் சண்டைக்காரனுக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்?

அவன் அதை ஒரு மிட்டாய் ஜாடிக்கு மாற்றிக் கேமராவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்தான். மொட்டைத் தலைப் பிள்ளை உதட்டைப் பிதுக்க ஆரம்பிக்கும்போது, முகம் பார்க்கும் கண்ணாடியை ஜாடியில் ஒட்டிப் பிடிப்பான். தேசிங்கு வாலை விரிக்கும். பிள்ளை வாயைப் பிளந்து சிரிக்கும். "இப்ப எடுங்கண்ணே" என்பான். அந்தச் சிரிப்பைத்தான் ஊர் கொண்டாடியது. விளக்கு நான் வைத்தது, கேமராப் பெட்டி என்னுடையது, கழுவிப் பிரிண்ட் போட்டதும் நான். வருகிறவர்கள் வாசலிலேயே "மீன்காரர் இருக்கிறாரா?" என்று கேட்டார்கள். அவன் இல்லையென்றால் எதிர் ஓட்டலில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான்.

எனக்கு வயிறு எரிந்தது ஐயா. அதை மறைப்பானேன். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் கொஞ்சம் அடங்கியிருக்கும். யார் படத்தைப் புகழ்ந்தாலும் "அண்ணன் வெச்ச லைட்டு அது" என்பான். நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொல்வான். திருடனைக்கூட மன்னித்துவிடலாம், திருடியதே தெரியாமல் நம் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு நம்மையே புகழ்கிறவனை என்ன செய்வது?

கார்த்திகை மழையில் மீனுக்கு முதல்முறை நோய் வந்தது. அதில் என் கை இல்லை. வருகிற பிள்ளைகள் எல்லாம் பொரியை ஜாடியில் போட்டுப் போட்டு, தண்ணீர் கெட்டு, மீன் வயிறு உப்பி, துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு அடியில் கிடந்தது. ரங்கநாதனுக்குக் கை கால் ஓடவில்லை. உப்பும் பாதாம் இலையும் போடவேண்டும் என்று மீன் விற்ற பாய் சொன்னது அவனுக்குத் தெரியும். ஆனால் பதறுகிறவன் கையில் மருந்தும் விஷமாகும். மொத்தத் தண்ணீரையும் ஒரே வீச்சில் மாற்றி மீனை இன்னும் துவள வைத்தான். நான் ஜாடியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிலிம் கழுவிப் பழகியவனுக்கு நிதானம் தானாக வரும். தண்ணீரைப் பாதி பாதியாக மாற்றினேன், பட்டினி போட்டேன், இருட்டில் வைத்தேன். மீன் தேறியது.

தேறிய பிறகும் நான் திருப்பித் தரவில்லை. ஸ்டூடியோவில் காற்று ஆகாது, இங்கேயே இருக்கட்டும் என்றேன். அவன் சந்தோஷமாகச் சரி என்றான். தினம் காலையில் கொட்டாங்கச்சியில் கொசுப்புழு பிடித்துக்கொண்டு, மகள் பூங்காவனத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு, மீனைப் பார்க்க வந்தான்.

இதற்கிடையில் ஒரு விஷயம் நடந்திருந்தது. மீன் படுத்த அன்று ஜவுளிக்கடை பஷீர் அகமது தன் பேத்தி முன்னியைப் படம் எடுக்கக் கூட்டி வந்திருந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல். ஜாடியில் கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டு நகரவே மாட்டேன் என்றது. மீன் படுத்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது, அவ்வளவுதான். ஆனால் அவர்கள் வீட்டுப் பெண்கள் "புள்ளமேல பட்ட கண்ண மீனு வாங்கிக்கிச்சி" என்றார்கள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று எல்லா வீட்டிலும்தான் சொல்கிறோம். இந்துத் தெரு, துலுக்கத் தெரு என்று அதில் பேதம் இல்லை. மறுவாரமே என் வீட்டு வாசலில் பெண்கள் பிள்ளைகளோடு வந்து நின்றார்கள்.

அந்த நாட்களை நான் பொய்யென்று சொல்லமாட்டேன். ஜாடியைச் சுற்றிப் பிள்ளைகள். பக்கத்தில் நாற்காலியில் நான். மீனைப் பார்க்கும் அவசரத்தில் என் முட்டியைப் பிடித்துக்கொண்டு எக்கி நின்றார்கள். ஒருத்தரும் அழவில்லை. ஒரு பெண் குழந்தை காய்ச்சல் மயக்கத்தில் என் மடியில் சாய்ந்து தூங்கிவிட்டது. அதன் தலைச்சூடு வேட்டி வழியாகத் தொடையில் இறங்கியது. நான் கால் மரத்துப் போயும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். செல்லம்மாள் பார்த்துவிட்டுக் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

ஆனால் மீனுக்கு என்ன தெரியும்? வந்தவர்கள் காத்திருப்பார்கள், அது பாட்டுக்கு வாலை ஆட்டிக்கொண்டு சுற்றும். மீன் வாங்கவில்லை என்று முகம் வாடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். கூட்டம் குறைய ஆரம்பித்தது. அப்போதுதான் கொல்லையில் ஒரு மண்பானைத் தண்ணீரைப் பனியில் வைக்கத் தொடங்கினேன். மார்கழியில் இந்தக் கல்மலைக் குளிர் எப்படி இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும். யாராவது பிள்ளையோடு வந்தால், தண்ணீர் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று ஜாடியை உள்ளே எடுத்துப்போவேன். ஒரு சொம்பு பானைத் தண்ணீர். ஜாடியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மீனின் நிறம் வெளுக்கும், துடுப்பு ஒட்டும், மெதுவாக அடியில் இறங்கி ஒருக்களித்துச் சாயும். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அவர்கள் போன பிறகு வெந்நீர்ப் பாத்திரம், உப்பு, பாதாம் இலை. பெரும்பாலான பிள்ளைக் காய்ச்சல் தானாக வந்து தானாகப் போகிறது, மீனும் பிழைத்துக்கொண்டது. யாருக்கும் நஷ்டமில்லை. ஆஸ்பத்திரிக்கும் ஒரு நடை போய்வாருங்கள் என்று சொல்லித்தான் அனுப்புவேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்வேன்.

செல்லம்மாள் ஒருநாள் பார்த்துவிட்டாள்.

"மீனுக்கு எதுக்குப் பானத்தண்ணி ஊத்துற?"

சூடு தணியட்டும் என்றேன். அவள் பானையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்த ஜாடியை அவள் தொட்டதில்லை.

இப்படி மீன் என்னிடம் வந்துவிட்ட பிறகு ரங்கநாதன் பாடு திண்டாட்டமாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. கைக்குட்டையை முடிந்து எலி செய்து கைமேல் ஓடவிட்டான். பிள்ளைகள் சிரித்தன. கைக்குட்டை இல்லாத அன்று வெறுமனே காதை ஆட்டினான். அதற்கும் சிரித்தன. நான் இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் நின்றுகொண்டு அந்தச் சிரிப்பைக் கேட்பேன். சிரிப்பு மீனால் வரவில்லை என்று தெரிந்துபோனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மீனால் என்றால் நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். இதை எப்படி எடுப்பது?

பூங்காவனம் அவனுக்கு ஒரே பிள்ளை. மங்கைக்கு அதற்கு முன்னால் இரண்டு குறைப்பிரசவமாகி, மலையனூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு பிறந்தவள், அதனால் அம்மனுடைய பேர். மீன் அசைந்தால் மீனைப் பார்க்கமாட்டாள், நைனா பார்த்தாரா என்று அவன் முகத்தைத்தான் பார்ப்பாள். நான் கமர்கட் வாங்கி வைத்திருப்பேன். நீட்டினால் அவள் கை வராது. என் கையிலிருந்து அவன் வாங்கி, அவன் கையிலிருந்துதான் அவள் வாய்க்குப் போக வேண்டும். தினமும் வாங்கி வைத்தேன், தினமும் அப்படியே நடந்தது. "பழகிடும்ணே" என்பான் அவன், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி.

தை மாதக் கடைசியில் ஒரு நாள், சாயங்காலம், அவர்கள் மூன்று பேரும் வந்தார்கள். பிள்ளைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், எச்சில் விழுங்க முடியவில்லை, கழுத்து வீங்கியிருந்தது. பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகக் கிளம்பிவிட்டான் ரங்கநாதன். கையில் பை இருந்தது. கடைசி பஸ்ஸுக்கு நேரம் கொஞ்சம் இருந்தது. அவனுக்கு இந்த மீன் விஷயத்தில் நம்பிக்கை கிடையாது, ஆனால் யார் மனதையும் நோகடிக்க மாட்டான். போகிற வழியில் தேசிங்கிடம் காட்டிவிட்டுப் போகலாம் என்று மங்கைதான் பிடிவாதம் பிடித்திருக்கிறாள்.

நான் பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். அவளுக்கு அழக்கூடத் தெம்பு இல்லை, திறந்து காட்டினாள். தொண்டைக்குள் பால் ஆடை மாதிரி ஒரு வெள்ளைத் தோல் படர்ந்திருந்தது.

இதை மட்டும் ஏட்டய்யா சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். அது என்னவென்று எனக்குத் தெரியும். என் தங்கை பிள்ளைக்கு இதேதான் வந்தது. தொண்டை அடைப்பான். அந்தப் பிள்ளையைக் கொண்டுபோனபோது டாக்டர் எனக்கு டார்ச் அடித்துக் காட்டினார். இந்த வெள்ளையைப் பார்த்தால் ஒரு பொழுதும் தாமதிக்கக் கூடாது, ஊசி போட்டால் பிழைக்கும், போடாவிட்டால் மூச்சை அடைத்துவிடும் என்றார். தங்கை பிள்ளைக்கு நேரத்தோடு ஊசி போட்டார்கள், இப்போது பள்ளிக்கூடம் போகிறான். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லமுடியாது.

டார்ச்சை அணைத்தேன். இருங்கள், தண்ணீர் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று ஜாடியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். சொம்பைக் கையில் எடுத்தபோதுகூட, அவன் எப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தானே போகிறான், நாம் என்ன செய்தால் என்ன என்றுதான் இருந்தது. அன்று இரண்டு சொம்பு ஊற்றினேன்.

ஜாடியைக் கொண்டுவந்து பிள்ளைக்கு முன்னால் வைத்தேன். தேசிங்கு ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு வெளுத்து, தள்ளாடி, அடியில் போய்ச் சாய்ந்தது. அதுவரை அப்படி விழுந்ததில்லை. மங்கை கையெடுத்துக் கும்பிட்டாள், கண்ணில் தண்ணீர். நான் ரங்கநாதனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மீனை அவனுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அன்று காலையில்தான் கொசுப்புழு போட்டுவிட்டு, நல்ல சுறுசுறுப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். நோய்க்கு என்ன அறிகுறி வரும், எத்தனை நாளில் படுக்கும் என்பதெல்லாம் அவன் அறிவான். தன் நோயால் மீன் ஒரு நொடியில் இப்படி விழாது என்பது அவனுக்குத் தெரியும். அதனால்தான் நம்பினான். மீனைப் பற்றி ஒன்றும் தெரியாதவனாக இருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியிருப்பான்.

அடுக்களை வாசலில் செல்லம்மாள் நின்றாள். "புள்ளய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க" என்றாள். மங்கைதான் பதில் சொன்னாள்.

"அதான் தேசிங்கு வாங்கிக்கிச்சே அக்கா."

செல்லம்மாள் பானையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். கட்டின புருஷனைக் காட்டிக்கொடுக்க ஒரு நிமிஷம் தயங்கினாள், அந்த நிமிஷம் போய்விட்டது. அவளை நீங்கள் விசாரிக்க வேண்டாம். மறுவாரமே நெய்வேலிக்குப் பெரியவனிடம் போய்விட்டாள். இன்னும் திரும்பவில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹாரன் கேட்டது. ரங்கநாதன் பையைக் கீழே வைத்தான், மறுபடி எடுத்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். அவன் மகள் அவன் முகத்தைப் பார்ப்பாளே, அப்படி.

"நீங்க சொல்லுங்கண்ணே. போவட்டுமா, வேணாமா?"

ஐயா, யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. என் பிள்ளைகள் கேட்டதில்லை. அவனை எதற்காக ஊர் நேசித்ததோ, அது அவ்வளவும் அந்த நேரத்தில் என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. நான் அவன் தோளில் கையை வைத்தேன்.

"வீட்டுக்குப் போடா. ராத்திரி வேர்த்துடும். பனியில புள்ளய எதுக்கு அலைய வைக்கிற?"

அவன் போனான். பிள்ளை அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு போனாள். பஸ் போகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எனக்கு வேலை இருந்தது. மீன் நிஜமாகவே சாகிற நிலையில் கிடந்தது. வெந்நீரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து மாற்றினேன். பக்கத்தை விட்டு நகரவில்லை. தனியாக விட்டால் போதும் என்று முன்னால் சொன்னேன், அன்று விட முடியவில்லை. அது பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். விடிவதற்குள் பூங்காவனம் போய்விட்டாள் என்று சொல்ல ஆள் வந்தபோது மீன் மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

பிள்ளை சாக வேண்டும் என்று நினைக்கவில்லை என்று உங்களிடம் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டுதான் நீங்கள் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். சொன்னால் நீங்களும் நம்புவீர்கள். ஆனால் நினைத்தேன். டார்ச்சை அணைத்தபோதே நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்துச் சிரிக்க ஒரு பிள்ளை இல்லாமல் போனால் அவனும் என்னைப் போல ஆவான் என்று நினைத்தேன்.

குழியில் வைத்துவிட்டு வந்த மூன்றாம் நாள் ரங்கநாதன் இங்கே வந்தான். திட்டுவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். தயாராகவும் இருந்தேன். அவன் ஜாடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

"தேசிங்கு எப்படிண்ணே இருக்குது?"

பிழைத்துக்கொண்டது என்றேன். பிறகு அவனாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொன்னான். "மங்கை நம்புனா. நான் மனசுல நம்பலண்ணே. அதான் அது திருப்பிக் குடுத்துட்டுது." சொல்லிவிட்டு என் காலைத் தொட்டான். உங்கள் பேச்சை மதிக்காமல் உள்ளுக்குள் சந்தேகப்பட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றான். எழுந்திரு என்றேன்.

அவன் அதை ஊரெல்லாம் சொல்லிவிட்டான். மங்கை அவனை விட்டு அண்ணன் பெரியதம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் பிள்ளையைச் சாகவிட்டான் என்று பெரியதம்பிதான் உங்களிடம் மனு கொடுத்தது. நீங்கள் போய்க் கேட்டபோது எல்லாம் தன் குற்றம்தான் என்று ரங்கநாதன் ஒப்புக்கொண்டானாம். என்னிடம் நீங்கள் வந்தது, அவன் எப்படிப்பட்டவன் என்று ஒரு வார்த்தை கேட்டுப் போக. மீனைக் காட்டியது சட்டப்படிக் குற்றமில்லை, உங்களுக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள் என்று வாசலிலேயே சொன்னீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள்.

ஆனால் நீங்கள் அவன் வீட்டுப் பக்கம் போனீர்களே, பார்த்தீர்களா? தெருவே அவனுக்குச் சோறு கொண்டுபோகிறது. பஷீர் அகமது கடையைச் சாத்திவிட்டுப் பகலெல்லாம் அவனோடு உட்கார்ந்திருக்கிறார். அவன் இப்போது கைக்குட்டையில் எலி செய்வதில்லை, காதை ஆட்டுவதில்லை, வாயைத் திறப்பதே இல்லை. அப்படியும் தெருப் பிள்ளைகள் போய் அவன் பக்கத்தில் சும்மா ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. முன்னி அவன் மடியிலேயே கிடக்கிறாள். என் வாசலுக்கு ஒரு நாய்க்குட்டி வருவதில்லை. என்னைக் குறை சொல்லிக்கூட ஒருவரும் வரவில்லை. விநாயகத்தின் மேல் தப்பில்லை, ரங்கநாதன்தான் பாவம் என்கிறார்கள். தெருவில் நடந்தால் ஒதுங்குவதுகூட இல்லை, என்னைப் பார்ப்பதே இல்லை.

நியாயம் என்று ஒன்று இருக்கிறது ஐயா. அதற்காகத்தான் இவ்வளவு பேசினேன், வேறு நோக்கம் எனக்கில்லை. பானைத் தண்ணீர் ஊற்றியவன் நான். தொண்டையைப் பார்த்தவன் நான். பஸ்ஸுக்குப் போகவேண்டாம் என்று சொன்னவன் நான். அந்தப் பிள்ளையின் சாவில் ரங்கநாதனுக்கு ஒரு துளிப் பங்குகூடக் கிடையாது, அதை அவன் தன்னுடையது என்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நான் விடமாட்டேன். அவன் பேரை அடித்துவிட்டு என் பேரை எழுதுங்கள். எழுதியதை அவன் தெருவில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஒரு தடவை படித்துக் காட்டுங்கள்.